கம்ப்யூட்டர் மேசையில் பெயின்ட் டப்பா வேண்டாமே!

வேலைக்கு, படிப்புக்கு என்று வீட்டில் காரணம் சொல்லிக் கம்ப்யூட்டர் வாங்கினாலும், பலர் அதில் முதலில் இன்ஸ்டால் செய்வது ஏதேனும் ஒரு கேம் ஆகத்தான் இருக்கிறது. அந்த கேம்களில் சில கம்ப்யூட்டரில் பிறந்தவை அல்ல. மேசை மீது சிறு பொம்மைகளை நகர்த்தி ஆடும் விளையாட்டுகளிலிருந்து வந்தவை. 2004ல் வெளியான டான் ஆஃப் வார், 2011ல் வெளியான ஸ்பேஸ் மரீன், 2024ல் வந்த அதன் இரண்டாம் பாகம் ஆகிய மூன்றும் வார்ஹேமர் 40,000 என்ற மேசை விளையாட்டின் வாரிசுகள். 2023ல் வெளியான பால்டர்ஸ் கேட் 3, அமெரிக்காவில் 1974ல் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் வழியில் வந்தது.

கேமில் பார்த்த வீரனைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும், நாமே வண்ணம் தீட்ட வேண்டும் என்ற ஆசை சிலருக்கு அடுத்து வருகிறது. இதனை மினியேச்சர் பெயின்டிங் என்கிறார்கள். இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் தலைமையகம் கொண்ட கேம்ஸ் ஒர்க்ஷாப் நிறுவனம் 1983ல் வார்ஹேமரையும், 1987ல் வார்ஹேமர் 40,000 விளையாட்டையும் வெளியிட்டது. அதன் பிறகு இந்தப் பொழுதுபோக்கு பல நாடுகளுக்கும் பரவியது. நம் ஊரிலும் ஐ.டி. துறை இளைஞர்கள் சிலர் இதில் இறங்கியிருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

இந்தப் பொழுதுபோக்கு பற்றி என்னிடம் கேட்பவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எந்தப் பெயின்ட் வாங்கலாம்?" என்பதுதான். "எங்கே உட்கார்ந்து தீட்டப் போகிறீர்கள்?" என்று நான் திருப்பிக் கேட்டால், உடனே வரும் பதில், "அதுதான் கம்ப்யூட்டர் டேபிள் இருக்கிறதே!"

இந்தப் பதிலைத்தான் நான் மறுக்கிறேன். கம்ப்யூட்டர் மேசையில் பெயின்ட் டப்பா வேண்டாம். இதற்கு உலர்ந்த இடம், ஈரமான இடம், காற்றோட்டமான இடம் என மூன்று தனித்தனி இடங்கள் தேவை. மூன்றும் சிறியதாக இருக்கலாம். ஆனால் ஒன்றாக இருக்கக் கூடாது. இடத்தை முடிவு செய்த பின்னரே பணத்தை எடுக்க வேண்டும். ஏன் என்று பார்க்கலாம்.

கம்ப்யூட்டர் மேசை ஏன் சரிப்படாது?

முதல் காரணம், உயரம். கம்ப்யூட்டர் மேசையில் கீ போர்ட் நம் முழங்கை அளவில் இருக்க வேண்டும். அப்போதுதான் தோள்கள் தளர்வாக இருக்கும். இதற்காகவே பல மேசைகளில் கீ போர்டுக்குத் தாழ்வான இழுப்புத் தட்டு வைக்கிறார்கள். மினியேச்சர் தீட்டுவது வேறு வகையான வேலை. ஒரு மனித உருவம் சுமார் 28 முதல் 32 மில்லி மீட்டர் உயரம்தான் இருக்கும். அதன் கண் ஒரு மில்லி மீட்டர்கூட வராது. அதைத் தீட்ட, இரண்டு முழங்கைகளையும் மேசையில் ஊன்றி, உருவத்தை மார்பு உயரத்திற்குத் தூக்கிப் பிடிக்க வேண்டும். கம்ப்யூட்டர் மேசையில் இதைச் செய்தால் நாம்தான் உருவத்தை நோக்கிக் குனிவோம். எட்டு மணி நேரம் அலுவலகத்தில் குனிந்த கழுத்து, வீட்டிற்கு வந்து மீண்டும் இரண்டு மணி நேரம் குனியும்.

இரண்டாவது காரணம், திரவங்கள். ஒரு கப் தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கும். டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் கீ போர்டில் தண்ணீர் கொட்டினால் புதிய கீ போர்ட் வாங்கிக்கொள்ளலாம். லேப்டாப்பில் கொட்டினால் கீ போர்டுக்கு நேர் கீழே மதர் போர்டு இருக்கிறது. தண்ணீரை விட மோசமானது பிளாஸ்டிக் ஒட்டும் சிமென்ட். இது சாதாரணப் பசை போல இரண்டு துண்டுகளை மேலோட்டமாக ஒட்டுவது அல்ல. பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைச் சற்றே கரைத்து இணைக்கிறது. இதன் பல வகைகளில் அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் இருக்கின்றன. கீ போர்டின் கீகளும் மானிட்டரின் சட்டமும் பெரும்பாலும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில் ஆனவை. அதையும் இந்தக் கரைப்பான் விட்டு வைக்காது. ஒரு சொட்டு விழுந்தால் ஏற்படும் தழும்பு நிரந்தரம்.

மூன்றாவது காரணம், தூசு. உருவங்களைக் கத்தியால் சீவி, அரத்தால் தேய்த்து, உப்புத் தாளால் மழமழப்பாக்கும்போது எழும் பொடியை, கேபினட்டின் விசிறிகள் உள்ளே இழுத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் சூடாவதற்கும், விசிறி சத்தம் போடுவதற்கும் தூசுதான் பெரிய காரணம் என்று எல்லோருக்கும் தெரியும். நாமே மேசையில் தூசு உற்பத்தி செய்யத் தேவையில்லை.

நான்காவது காரணம் பலருக்குத் தெரியாதது. உருவங்களின் கைகளை மாற்றிப் பொருத்தவும், பெட்டியில் ஆடாமல் நிற்க வைக்கவும் மிகச் சிறிய நியோடைமியம் காந்தங்களைப் பயன்படுத்துவார்கள். என்னுடன் பணிபுரியும் நண்பர் ஒருவரின் லேப்டாப் திரை, திடீர் திடீரென்று அணைந்தது. டிரைவர்களைப் புதுப்பித்தார், ஆன்டி வைரஸ் கொண்டு சோதித்தார், கடைசியில் விண்டோஸையே மீண்டும் இன்ஸ்டால் செய்தார். பிரச்னை தீரவில்லை. காரணம், அவர் லேப்டாப்பின் ஓரத்தில் வைத்திருந்த காந்தம் பதித்த பொம்மைகள். பல லேப்டாப்களில் மூடி மூடப்பட்டதைக் கண்டறிய ஒரு காந்தமும் அதை உணரும் சென்சாரும் இருக்கின்றன. வெளியிலிருந்து வேறு காந்தம் அருகில் வந்தால், மூடி மூடப்பட்டுவிட்டது என்று லேப்டாப் நினைத்துக்கொண்டு தூங்கப் போய்விடும். பொம்மைகளை நகர்த்தியதும் திரை ஒழுங்காக எரிந்தது.

வாட்ச் ரிப்பேர் கடையைப் பாருங்கள்

சரி, ஈர வேலைக்கான இடம் எப்படி இருக்க வேண்டும்? இன்டர்நெட்டில் தேடினால் சுவர் முழுக்கப் பெயின்ட் அலமாரி, பெரிய மேசை, சுழலும் நாற்காலி என்று படங்கள் வரும். அவற்றைப் பார்த்து மலைக்க வேண்டாம். உங்கள் ஊர் கடைத் தெருவில் உள்ள வாட்ச் ரிப்பேர் கடையைச் சென்று பாருங்கள். இரண்டடிக்கு ஒன்றரை அடி மேசை. மேசை அவர் மார்பு வரை உயர்ந்திருக்கும். விளக்கு கைக்கு மிக அருகில் இருக்கும். கண்ணில் லென்ஸ். ஸ்க்ரூ டிரைவர், இடுக்கி எல்லாம் கை நீட்டும் தூரத்தில், எப்போதும் அதே இடத்தில். கழற்றிய உதிரிகள் உருண்டு விழாமல் ஒரு மூடியில் அல்லது கண்ணாடிக் கிண்ணத்தில் இருக்கும். நாள் முழுவதும் நுண்ணிய வேலை செய்பவர் அனுபவத்தில் கண்ட அமைப்பு இது. மினியேச்சர் தீட்ட இதை விட நல்ல மாதிரி எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் இதை அமைக்கப் புது மேசை வாங்க வேண்டும் என்பதில்லை. பழைய படிப்பு மேசையோ, மடக்கும் மேசையோ போதும். உயரம் குறைவாக இருந்தால், மேசைக் கால்களுக்குக் கீழே கட்டை வைத்து உயர்த்தலாம். அல்லது நாற்காலியைத் தாழ்த்தலாம். முழங்கைகளை ஊன்றிய நிலையில் உங்கள் கை, முகவாய்க்குச் சற்றுக் கீழே நின்றால் உயரம் சரி. பாதங்கள் தரையில் பட வேண்டும். மேசையின் மீது ஒரு கட்டிங் மேட் விரித்துவிடுங்கள். கத்தி வழுக்காது, மேசையும் வீணாகாது.

உருவத்தை விரலால் பிடித்துத் தீட்டக் கூடாது. விரலில் உள்ள எண்ணெய்ப் பசை பெயின்டைப் பிடிக்க விடாது. காலி மாத்திரை டப்பாவின் மூடியில், போஸ்டர் ஒட்டும் பசைக் களிமண்ணை வைத்து உருவத்தை அதில் நிற்க வையுங்கள். டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு தீட்டலாம். இதற்கென விற்கப்படும் கைப்பிடி செய்வதும் இதே வேலையைத்தான்.

பணத்தில் பெரும் பங்கு விளக்குக்கே

இந்தக் கட்டுரையில் நான் வலியுறுத்தும் ஒரே செலவு, விளக்கு. ஐம்பது வண்ணப் பெயின்ட் செட்டை மங்கிய வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு தீட்டுபவரை விட, பத்து வண்ணத்தை நல்ல வெளிச்சத்தில் தீட்டுபவரின் உருவம் நன்றாக இருக்கும்.

அறையின் ட்யூப் லைட் பெரும்பாலும் நமக்குப் பின்னாலோ, தலைக்கு மேலோ இருக்கும். நம் தலையின் நிழல்தான் உருவத்தின் மீது விழும். அலுவலகத்தில் எழுதுவதற்கும் கம்ப்யூட்டரில் வேலை செய்வதற்கும் 500 லக்ஸ் வெளிச்சம் என்பது ஐரோப்பியத் தர அளவு. வண்ணங்களை ஒப்பிட்டுச் சோதிக்கும் வேலைக்கு அதே தர அளவு 1000 லக்ஸ் கேட்கிறது. அதாவது இரு மடங்கு.

இதை அடைவது கடினமல்ல. விளக்கை அருகில் கொண்டு வாருங்கள். சிறிய விளக்கு ஒன்றின் தூரத்தைப் பாதியாகக் குறைத்தால் வெளிச்சம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். பள்ளியில் படித்த அதே சூத்திரம்தான். கழுத்தை வளைக்கக்கூடிய இரண்டு டேபிள் லாம்ப்களை வாங்கி, கைக்கு இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக, முன்புறத்திலிருந்து, ஒன்றரை அடி தூரத்தில் வையுங்கள். ஒன்றின் நிழலை மற்றொன்று அழித்துவிடும். ஒவ்வொன்றிலும் 9 வாட் எல்.இ.டி. பல்பு போதும்.

பல்பு வாங்கும்போது அட்டைப் பெட்டியில் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, நிற வெப்பநிலை. 5000 முதல் 6500 கெல்வின் வரை இருந்தால் பகல் வெளிச்சம் போல இருக்கும். மஞ்சள் நிற வார்ம் ஒயிட் பல்பில் வெள்ளையும் வெளிர் மஞ்சளும் ஒன்று போலத் தெரியும். இரண்டாவது, சி.ஆர்.ஐ. என்ற எண். நிறங்களை உள்ளபடி காட்டும் திறனை இது குறிக்கிறது. 100 என்பது உச்சம். சாதாரண எல்.இ.டி. பல்புகள் பெரும்பாலும் 80 அளவில் இருக்கும். நமக்கு 90க்கு மேல் வேண்டும். எண் குறைவான பல்பில் சிவப்பு நிறங்கள் உயிரற்றுத் தெரியும். கடைக்காரருக்கு இந்த எண் தெரியாவிட்டாலும், பெட்டியில் இருக்கிறதா என்று நீங்கள் பாருங்கள். மொபைல் கேமராவை எரியும் விளக்கிற்கு நேராகக் காட்டுங்கள். திரையில் கருப்புப் பட்டைகள் ஓடினால் அந்த விளக்கு துடிக்கிறது என்று பொருள். கண்ணுக்கு அது நல்லதல்ல. வேறு விளக்கு கேளுங்கள்.

கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி. போர்ட்டில் செருகும் குட்டி விளக்குகள் இதற்குப் போதாது. யு.எஸ்.பி. 2.0 போர்ட் ஒன்று தருவது 5 வோல்ட், 500 மில்லி ஆம்பியர், அதாவது 2.5 வாட். கீ போர்டைப் பார்க்க அது உதவும். கண்ணுக்கு மை தீட்ட உதவாது. மானிட்டரின் வெளிச்சத்தில் தீட்டலாம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த வெளிச்சம், திரையில் படம் மாற மாற நிறம் மாறிக்கொண்டே இருக்கும்.

கண் மருத்துவர்கள் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் 20-20-20 விதி இதற்கும் பொருந்தும். 20 நிமிடத்திற்கு ஒரு முறை, 20 அடி தூரத்தில் உள்ள பொருளை, 20 விநாடி பாருங்கள். லென்ஸ் பொருத்திய விளக்கு வைத்திருந்தால், வேலை முடிந்ததும் லென்ஸை மூடிவிட வேண்டும். ஜன்னல் வெயில் அதில் குவிந்தால் தீப்பிடிக்கும்.

மின்விசிறியும் யு.பி.எஸ்.சும்

வெளிநாட்டு வீடியோக்களில் சொல்லாத ஒன்று, நம் சீலிங் ஃபேன். இந்த வேலைக்குப் பயன்படுவது தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட். ஃபேன் காற்றில் தட்டில் ஊற்றிய பெயின்ட் சில நிமிடங்களில் காய்ந்துவிடும். ஃபேனை நிறுத்தினால் நாம் வியர்வையில் நனைவோம். இதற்கு வழி ஈரத் தட்டு. மூடியுள்ள பிளாஸ்டிக் டிபன் பாக்ஸில் தட்டையான ஸ்பாஞ்சைத் தண்ணீரில் நனைத்து வைத்து, அதன் மேல் கேக் சுடப் பயன்படும் பேக்கிங் பேப்பரை விரியுங்கள். பெயின்டை அதன் மேல் வைத்தால் கீழிருந்து ஈரம் வந்துகொண்டே இருக்கும். மூடி வைத்தால் மறுநாளும் பயன்படுத்தலாம். நம் வெப்பத்தில் சில நாட்களில் ஸ்பாஞ்சில் பூஞ்சை பிடிக்கும். வாரம் ஒரு முறை கழுவிக் காய வையுங்கள்.

மின்சாரம் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு எல்.இ.டி. விளக்குகளையும் கம்ப்யூட்டரின் யு.பி.எஸ்.சில் இணைத்தால் அதற்குப் பெரிய சுமை அல்ல. ஆனால் பெயின்டைச் சீக்கிரம் காய வைக்கும் ஹேர் டிரையரையோ, ஏர் பிரஷ்ஷை இயக்கும் கம்ப்ரசரையோ அதில் இணைக்கவே கூடாது. ஹேர் டிரையர் 1000 வாட்டுக்கு மேல் இழுக்கும். வீட்டில் உள்ள 600 வி.ஏ. யு.பி.எஸ்.கள் அதில் பாதியைக்கூடத் தாங்காது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தண்ணீர் கப் இருக்கும் மேசையில் வைக்காமல், சுவரில் மாட்டிவிடுங்கள்.

பிரிண்டர் என்று பெயர் இருந்தால் போதுமா?

இப்போது மூன்றாவது இடத்திற்கு வருகிறேன். நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான்.

உருவங்களை விலை கொடுத்து வாங்குவதற்குப் பதில், எஸ்.டி.எல். ஃபைலை டவுன்லோட் செய்து 3டி பிரிண்டரில் வீட்டிலேயே உருவாக்கும் வழக்கம் வந்துவிட்டது. நுண்ணிய உருவங்களுக்கு ஏற்றது ரெசின் பிரிண்டர். திரவமாக உள்ள ரெசின் மீது புற ஊதாக் கதிரையொட்டிய ஒளியைப் பாய்ச்சி, அடுக்கடுக்காகக் கெட்டியாக்கும் கருவி இது. கம்ப்யூட்டர் பாகங்களுடன் சேர்த்துத்தான் இது விற்கப்படுகிறது. பெயரிலும் பிரிண்டர் என்று இருக்கிறது. எனவே புதிதாக வாங்குபவர், இங்க் ஜெட் பிரிண்டர் வைத்திருந்த இடத்திலேயே, படுக்கை அறைக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் இதையும் வைத்துவிடுகிறார்.

இது இங்க் ஜெட் பிரிண்டர் அல்ல; ஒரு சிறிய ரசாயனப் பட்டறை. கெட்டியாகாத ரெசினில் அக்ரிலேட் வகைப் பொருட்கள் இருக்கின்றன. இவை தோலில் மீண்டும் மீண்டும் பட்டால் அலர்ஜி வரக்கூடும். அலர்ஜி ஒரு முறை வந்துவிட்டால் பொதுவாக வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். பல் அடைக்கப் பயன்படும் சில பொருட்களிலும் அக்ரிலேட் இருப்பதால், பின்னாளில் அங்கும் தொல்லை தரலாம். ரெசினின் ஆவியும் மூச்சுக்கு நல்லதல்ல. அச்சிட்ட உருவத்தைக் கழுவப் பயன்படும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலின் ஆவி சுமார் 12 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் நிலையை அடைந்துவிடும். நம் ஊர் வெப்பநிலை எப்போதும் அதற்கு மேல்தான். அதாவது மூடி திறந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அருகில் நெருப்பு இருக்கக் கூடாது. பூஜை அறை விளக்கும் நெருப்புதான்.

எனவே ரெசின் பிரிண்டரை நான் படுக்கை அறையிலோ, குழந்தைகள் படிக்கும் அறையிலோ, ஏ.சி. போட்டு மூடிய அறையிலோ வைக்கச் சொல்ல மாட்டேன். வெளியே காற்று போகும் பால்கனி, மொட்டை மாடி அறை, யாரும் புழங்காத பின்கட்டு இவற்றில் ஒன்று இருந்தால் மட்டும் வாங்குங்கள். நேரடி வெயில் படாமல் வையுங்கள். வெயில் ரெசினைக் கெட்டியாக்கிவிடும். கையில் நைட்ரைல் கையுறை, கண்ணில் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். ரெசின் கலந்த கழிவைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. ரெசின் துடைத்த காகிதத்தைக் குப்பையில் போடும் முன் வெயிலில் காய வைத்துக் கெட்டியாக்குங்கள். இப்படி ஒரு இடம் உங்கள் வீட்டில் இல்லையா? பிரிண்டர் வாங்காதீர்கள். உருவத்தை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். இதில் சமரசம் செய்ய நான் தயாராக இல்லை.

ஸ்ப்ரே பிரைமருக்கும் இதே மூலைதான் இடம். பெயின்ட் ஒட்டுவதற்காக முதலில் அடிக்கும் பூச்சு பிரைமர். ஸ்ப்ரே டப்பாவில் எளிதில் தீப்பிடிக்கும் வாயு இருக்கும். அதை அறைக்குள் அடிக்கக் கூடாது. மழை நாட்களில் வெளியிலும் அடிக்க வேண்டாம். காற்றில் ஈரம் அதிகமானால் பூச்சு பொரிப்பொரியாகப் படியும். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு என் ஆலோசனை, பிரஷ்ஷால் தீட்டும் பிரைமர். சற்று நேரம் கூடுதலாகும். பக்கத்து வீட்டுத் துணியில் படியாது. யாருக்கும் மூச்சு முட்டாது.

வீட்டில் குழந்தைகள் இருந்தால்

நாம் வைத்திருப்பது பொம்மை என்பதால் குழந்தைகள் நிச்சயம் வருவார்கள். காந்தங்களைப் பூட்டி வையுங்கள். இரண்டு காந்தங்களை ஒரு குழந்தை விழுங்கிவிட்டால், குடலின் இரு பகுதிகளிலிருந்து அவை ஒன்றையொன்று இழுத்துக் குடலைத் துளைத்துவிடும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டிய விஷயம் இது. பழைய உலோக மினியேச்சர்கள் கிடைத்தால் அவற்றையும் எட்டாத இடத்தில் வையுங்கள். பழைய காலத்து உலோக உருவங்கள் பலவற்றில் ஈயம் கலந்திருந்தது. அவற்றை அரத்தால் தேய்ப்பதாக இருந்தால் முகமூடி அணிந்து, ஈரமாக்கித் தேய்த்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

சூப்பர் க்ளூ சிந்தினால் பனியனாலோ வேட்டியாலோ துடைக்கக் கூடாது. பருத்தித் துணியில் பட்டால் அது வேகமாக இறுகி, தோல் சுடும் அளவுக்குச் சூடாகும். பிரஷ் முனையை நாக்கில் வைத்துக் கூராக்கும் பழக்கமும் வேண்டாம். 1920களில் அமெரிக்காவில் கடிகாரத் தட்டுகளுக்கு ரேடியம் கலந்த பெயின்ட் தீட்டிய பெண்கள், இப்படி வாயில் வைத்துக் கூராக்கியதால்தான் உயிரிழந்தார்கள். நம் பெயின்டில் ரேடியம் இல்லை. ஆனாலும் பெயின்ட் தின்பதற்கான பொருள் அல்ல.

"ஒரு மேசைக்கே இடமில்லை" என்பவர்களுக்கு

இரண்டு அறை வாடகை வீட்டில் மூன்று இடம் கேட்டால் எங்கே போவது என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் கேட்பது மூன்று அறைகள் அல்ல. ஈர வேலைக்கான இடம் ஒரு பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தில் அடங்கிவிடும். கட்டிங் மேட், ஈரத் தட்டு, பிரஷ்கள், பத்துப் பெயின்ட், அடி கனமான ஒரு டம்ளரில் தண்ணீர் எல்லாம் அதில் இருக்கட்டும். சாப்பாட்டு மேசையில் வைத்து வேலை செய்துவிட்டு, அப்படியே தூக்கி அலமாரி மேல் வைத்துவிடலாம். சாப்பிடும் இடம் என்பதால் முடித்ததும் மேசையைத் துடைத்துவிட வேண்டும். சிந்தினாலும் தாம்பாளத்தின் விளிம்பு தடுத்துவிடும். பெரிய மேசையில் பொருட்கள் குவியும். தாம்பாளத்தில் தேவையானது மட்டுமே இடம்பெறும். நிரந்தர இடம் உள்ளவர்களுக்குக்கூட நான் தாம்பாளத்தைப் பரிந்துரைப்பேன்.

இந்த அமைப்பு வார்ஹேமர் பொம்மைக்கு மட்டும் உதவுவதல்ல. நவராத்திரிக்கு முன் கொலு பொம்மைகளை இறக்கி, மூக்கும் கிரீடமும் உதிர்ந்தவற்றுக்கு வீட்டிலேயே வண்ணம் தீட்டுபவர்கள் பலர். அம்மாவின் கொலுவுக்கும் மகனின் ஸ்பேஸ் மரீனுக்கும் அதே விளக்கு, அதே தாம்பாளம் போதும். விளக்கு வாங்க வீட்டில் அனுமதி கேட்கும்போது இதைச் சொல்லிப் பாருங்கள்.

கம்ப்யூட்டருக்கு என்ன வேலை?

கம்ப்யூட்டரை அடியோடு ஒதுக்கச் சொல்லவில்லை. அது உலர்ந்த இடத்தில் இருந்துகொண்டு செய்யக்கூடிய நல்ல வேலைகள் இருக்கின்றன.

முதலாவது, கணக்கு. எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பைத் திறந்து, பெயின்டின் பெயர், நிறுவனம், வாங்கிய தேதி, எந்த உருவத்தில் எங்கே பயன்படுத்தினோம் என நான்கு கட்டங்கள் போடுங்கள். ஒரே பச்சையை இரண்டு முறை வாங்குவது நின்றுவிடும். ஆறு மாதம் கழித்து அதே படையில் இன்னொரு வீரனைத் தீட்டும்போது, பழைய கலவையைத் தேட வேண்டியதில்லை. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு ஸ்ப்ரெட் ஷீட் கற்றுக்கொள்ள இது நல்ல பயிற்சி.

இரண்டாவது, படங்கள். தீட்டிய உருவத்தை அதே விளக்கு வெளிச்சத்தில் மொபைலில் படம் எடுத்து, கம்ப்யூட்டர் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத பிசிறுகள் தெரியும். ஆனால் திரையில் தெரியும் நிறத்தை நம்பிப் பெயின்ட் வாங்காதீர்கள். ஒவ்வொரு மானிட்டரும் நிறத்தை ஒவ்வொரு விதமாகக் காட்டும். வெள்ளைத் தாளில் ஒவ்வொரு பெயின்டையும் ஒரு கோடு தீட்டி, பக்கத்தில் பெயர் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தாளை விட நம்பகமான கலர் சார்ட் இல்லை.

பாடம் சொல்லும் வீடியோக்களை மொபைலில் பார்த்தால் போதும். ஈர இடத்திற்கு மொபைல் மட்டும் வரட்டும், லேப்டாப் வேண்டாம்.

எதை முதலில் வாங்குவது?

வரிசை இதுதான். முதலில் இடத்தை முடிவு செய்யுங்கள். அடுத்து விளக்குகள். பின் கட்டிங் மேட், சட்டத்திலிருந்து துண்டுகளை வெட்டி எடுக்கும் நிப்பர், கத்தி. அதன் பிறகு இரண்டு நல்ல பிரஷ், பத்துப் பெயின்ட், ஒரே ஒரு உருவம். அதை முழுமையாக முடித்த பின் அடுத்ததை வாங்குங்கள். ஏர் பிரஷ், கம்ப்ரசர், 3டி பிரிண்டர் எல்லாம் ஒரு வருடம் காத்திருக்கலாம். அவற்றுக்கான காற்றோட்டமான மூலை கிடைக்காவிட்டால் வரவே வேண்டாம்.

விற்பவர்கள் நம்மிடம் காட்டுவது இந்த வரிசையின் கடைசியில் உள்ளவற்றைத்தான். விளக்கையும் நாற்காலியையும் பற்றி அவர்கள் பேசுவதில்லை. கம்ப்யூட்டர் வாங்கும்போதும் இப்படித்தானே நடந்தது? ராம் எவ்வளவு, கிராபிக்ஸ் கார்ட் எது என்று பத்து நாள் ஆராய்ந்தோம். எந்த நாற்காலியில், எந்த வெளிச்சத்தில் உட்காரப் போகிறோம் என்று ஒரு நிமிடம் யோசித்தோமா? இந்த மாதம் ஒரு மாலை, ஒரு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். கம்ப்யூட்டர் இருக்கும் இடம், தண்ணீர் சிந்தினாலும் பரவாயில்லை என்ற இடம், காற்று வெளியே போகும் இடம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பெயின்ட் கடை எங்கும் ஓடிவிடாது.